ஆறு காலும் ஒரு மூச்சும்

வக்குயி தெத்சுஜியின் இடது கையை விட்டுப் போன அசைவு, அந்தக் கணமே அவன் மனைவி சனாயேயின் மேசைமேல் கிடந்த காகிதத்துக்கு வந்து சேர்ந்தது. சக்கரவர்த்தியின் ஆட்சிக் கணக்கில் ஷோவா ஐம்பத்திரண்டாம் ஆண்டின், அதாவது 1977இன், இலையுதிர் காலம் அது. அவர்கள் ஊரான தனாஷியில் அந்த வாரம் முள்ளங்கி விலை ஏறியிருந்தது. ரயில் நிலையத்துக்குத் தெற்கே சாக்கடைக் குழாய் பதிக்கத் தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஊர் முழுக்க அதைப் பற்றித்தான் பேச்சாக இருந்ததால், காகித விஷயம் வெளியே வரக் கொஞ்ச காலம் பிடித்தது.

சனாயே வேலை பார்த்தது நிலையத்துக்கு வடக்கே, பழைய பட்டுநூல் கிடங்கு ஒன்றின் மாடியில் இருந்த சிறிய அனிமேஷன் ஸ்டூடியோவில். இயக்குநர் நுகாதா குழந்தைகளுக்கான தொலைக்காட்சித் தொடர் ஒன்றை எடுக்க ஒப்புக்கொண்டிருந்தார். மலைக் கணவாயில் மூடுபனியைத் தின்று வாழும் மொயாசுகே என்ற விலங்குதான் அதன் நாயகன். அதை உருவாக்கும் பொறுப்பு சனாயேவுக்கு வந்தது. வேகவைத்த பன் போல உடம்பு, கொக்குக் கழுத்து, ஆறு கால், தோள்வரை தொங்கும் காது என்று உருவம் சீக்கிரமே அமைந்துவிட்டது. முகத்தில் இரண்டு புள்ளிக் கண்களைத் தவிர வேறெதுவும் கூடாது என்று நுகாதா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வாய் வைத்தால் அது பேசும், பேச ஆரம்பித்தால் யாரும் உடம்பைப் பார்க்கமாட்டார்கள் என்பது அவர் கட்சி. சந்தோஷமோ பயமோ வெட்கமோ பசியோ, எதுவானாலும் அது நடந்தும் திரும்பியும் சும்மா நின்றும்தான் சொல்லியாக வேண்டும். அங்கேதான் வண்டி சிக்கிக்கொண்டது. சனாயே ஷாகுஜீ குளத்துக்குப் போய்க் கொக்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இறைச்சிக் கடை வாசலில் நாய்களைப் பார்த்தாள். நிலையப் படிகளில் குடித்துவிட்டு இறங்கும் அலுவலகக்காரர்களைப் பார்த்தாள். அவள் வரைந்து கொண்டுவந்த கட்டுகளை நுகாதா விரலிடுக்கில் வைத்துப் படபடவென்று புரட்டிப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தார்.

"நகருது, சனாயே-சான். இல்லேன்னு சொல்லல. மேசையைத் தள்ளினா மேசைகூடத்தான் நகரும்."

அவளுக்குக் கடைசியில் புருஷன் நினைவுதான் வந்தது. தெத்சுஜி தன் அக்கா தோமி நடத்திய சொபா நூடுல்ஸ் கடையில், கேட்ட வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்த்தான். இடது தோளில் தட்டுகளைக் கோபுரமாக அடுக்கி அந்தக் கையாலேயே தாங்கிக்கொண்டு, வலது கையால் சைக்கிளை ஓட்டிப் போவான். ஏறுவதற்கு முன்னால் வலது காலில் ஒரு துள்ளல் துள்ளுவான். தேவையே இல்லாத துள்ளல், ஆனால் அது இல்லாமல் அவன் ஏறியதை யாரும் பார்த்ததில்லை. கிண்ணத்துச் சாறு ஒரு சொட்டும் சிந்தாது. ஸ்டூடியோவுக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்தவனை மாடி ஜன்னலிலிருந்து பார்த்தே சனாயே மயங்கிப் போனாள் என்றும், மாப்பிள்ளையின் முகத்தைக் கல்யாணத்தன்றுதான் சரியாகப் பார்த்தாள் என்றும் கூட வேலை செய்தவர்கள் கேலி செய்வார்கள். பாதி உண்மைதான். ஏதாவது சொல்லத் தொடங்குமுன் அவன் இடது கையால் பிடரியைத் தடவுவான். மணிக்கட்டு வெளிப்பக்கம் திரும்பியிருக்கும், சுண்டுவிரல் மட்டும் தனியாக நிமிர்ந்து நிற்கும். சொல்லப்போவது நல்லதா கெட்டதா, பொய்யா, கடன் கேட்பதா என்று அந்தத் தடவலிலேயே சனாயே தெரிந்துகொள்வாள். இந்தக் கை மட்டும் மொயாசுகேவுக்குக் கிடைத்தால் போதும் என்று ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மனசாரக் கேட்டாள். யாரிடம் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

சில நாட்களுக்குப் பிறகு ஒரு காலையில், கடை வாசலில், தெத்சுஜி தோளில் ஏற்றிய தட்டுகள் அத்தனையும் சரிந்து விழுந்தன. அவன் குனிந்து பார்த்தான். கை அதன் இடத்தில்தான் இருந்தது, தொங்கிக்கொண்டு. அதே நேரத்தில் ஸ்டூடியோவில், சனாயே வரைந்து முடித்து ஓரமாக வைத்திருந்த ஒற்றைத் தாளில், மொயாசுகே முன்னங்கால் ஒன்றைத் தூக்கிப் பிடரியைத் தடவிக்கொண்டிருந்தது. கால்நுனி வெளியே திரும்பியிருந்தது. சின்ன விரல் தனியாக நிமிர்ந்திருந்தது. தடவி முடித்ததும் காலை இறக்கும், கொஞ்சம் யோசிக்கும், மறுபடியும் தடவும். நுகாதா வந்து, சிகரெட்டை அணைத்துவிட்டு, வெகுநேரம் பார்த்தார். "இதுதான்" என்றார். ஒரே தாளில் ஓவியம் தானாக அசைவதைப் பற்றி யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. ஒரு நிலைக்கும் அடுத்த நிலைக்கும் இடைப்பட்ட படங்களை வரையும் பெண்கள் மட்டும் தங்களுக்கு வேலை குறைந்துவிடுமோ என்று கேட்டார்கள். படம்பிடிப்பவர், எதையும் நிறுத்தி நிறுத்தி எடுத்தே பழகியவர், இதற்கென்று ஓடும் கேமரா ஒன்றை இரவல் வாங்கி வந்தார். வண்ணம் பூசும் பெண்மணிதான் சிரமப்பட்டாள். திமிறும் குழந்தைக்கு மொட்டையடிப்பதுபோல, அது யோசிக்கும் நேரம் பார்த்துப் பார்த்துத் தூரிகையை வைக்க வேண்டியிருந்தது.

மருத்துவமனையில் தெத்சுஜியை ஒரு வாரம் வைத்துப் பார்த்தார்கள். நரம்புகள் ஒவ்வொன்றாகக் கருகிவருகின்றன, மருந்து கிடையாது, கையில் தொடங்கியிருக்கிறது, கால், நாக்கு, தொண்டை என்று போகும், கடைசியில் மூச்சு என்று டாக்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். புத்தியும் கண்ணும் மட்டும் கடைசிவரை அப்படியே இருக்கும் என்றார். அதை அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். நோய் உள்ளே வந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும் என்றும் சொன்னார். அந்த ஒரு வருஷத்தைச் சனாயே பிடித்துக்கொண்டிருக்கலாம். தான் கேட்டது சில நாட்களுக்கு முன்னால்தானே, நோய் அதற்கு முன்பே வந்துவிட்டதே என்று. ஆனால் அவளால் முடியவில்லை. தம்பியின் வேலையையும் சேர்த்துச் செய்யவேண்டி வந்த தோமி, கைப்பெட்டியில் நூடுல்ஸை எடுத்துக்கொண்டு ஸ்டூடியோ மாடி ஏறிவந்தவள், சனாயேயின் மேசைக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றாள். குனிந்தாள். பெட்டியைக் கீழே வைத்தாள்.

"இது எங்க தெத்சு கை" என்றாள்.

சனாயே எழுந்து நின்றாள். "அக்கா…"

"உனக்கு வரையறதுக்கு ஊர்ல வேற ஆளே கிடைக்கலையா? நாய் இருக்கு, பூனை இருக்கு, அதோ அந்த இயக்குநர் இருக்காரு, எதுக்கும் உபயோகமில்லாத கை ரெண்டு வெச்சுக்கிட்டு. கட்டின புருஷனைத்தான் உரிச்சு எடுக்கணுமா?"

நுகாதா தன் கைகளை மேசைக்கடியில் இறக்கிக்கொண்டார். யாரும் சாப்பிடவில்லை. அன்று மாலையே சனாயே தன் பென்சில் பெட்டியைக் கொண்டுபோய்த் தோமியின் கடைப் படியில் வைத்துவிட்டு, இனி வேலைக்குப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். தோமி பெட்டியை எடுத்து மாவு மூட்டைக்குப் பின்னால் வைத்தாள். குளிர்காலம் வந்தது. சனாயே வீட்டோடு இருந்தாள், ஒரு கோடு போடவில்லை. விரலால் கண்ணாடி ஜன்னலின் ஆவியில்கூட எதையும் கிறுக்கவில்லை. அப்படியிருந்தும் வருஷம் முடியுமுன் தெத்சுஜியின் வலது கால் போயிற்று. போன அசைவுக்குப் போய்ச் சேர இடமில்லை. அது வீட்டுக்குள்ளேயே திரிந்தது. முதலில் அடுப்பின்மேல் இருந்த கெட்டில் துள்ளியது. மறுநாள் வாசலில் நிறுத்தியிருந்த குடை துள்ளியது. பிறகு வேலி தாண்டி, பக்கத்து வீட்டில் துணி காயப்போட்டிருந்த கழி துள்ளியதாக அந்த வீட்டுக்காரி வந்து சொன்னாள், சண்டைக்கு அல்ல, தகவலுக்காகத்தான். அதற்குப் பிறகு சில நாள் காணவில்லை. புத்தாண்டு கழிந்ததும் நிலையத்துக்கு மேற்கே இருந்த ரயில் கேட்டின் தடுப்புக் கம்பி, கீழே இறங்குவதற்கு முன்னால் ஒருமுறை துள்ள ஆரம்பித்தது. ரயில்வேக்காரர்கள் வந்து எண்ணெய் போட்டார்கள், கம்பியை மாற்றினார்கள், மோட்டாரையே மாற்றினார்கள். பிறகு விட்டுவிட்டார்கள். ரயில் ஒன்றும் தாமதமாகவில்லை.

சனாயே அவனைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு அந்த வழியாகப் போனாள். மணி அடித்தது. கம்பி ஒரு துள்ளுத் துள்ளி இறங்கியது. தெத்சுஜி அதை வாய் திறந்து பார்த்தான். பிறகு தோள் இரண்டும் காதுவரை ஏற, உடம்பு குலுங்கச் சிரித்தான்.

"பாத்தியா? என் காலுக்கு ரயில்வேயில வேலை கிடைச்சிருச்சு. எங்கப்பா எவ்வளவு ஆசைப்பட்டாரு தெரியுமா."

சனாயே நாற்காலிக்குப் பின்னால் நின்று அழுதாள். அவன் பார்வைக்கு எட்டாத இடம் என்பதால் மறைக்கவில்லை.

"சனாயே. நீ வரையறதை நிறுத்தினேல்ல, அது நின்னுச்சா?"

"நிக்கல."

"அப்போ நீ காரணமில்ல."

"காரணமா இருந்திருந்தாத் தேவலையே" என்றாள் அவள். "நிறுத்தியிருப்பேனே. இப்போ எதை நிறுத்தறது?"

ரயில் போய்முடிந்து கம்பி மேலே ஏறியது. பிறகு சொன்னான்: "எப்படியும் போகுது. தெருவுல போறதுக்கு உன் காகிதத்துல போகட்டும். புள்ளைங்களாவது பாத்துச் சிரிக்கும். போய்ப் பென்சிலை வாங்கிட்டு வா. அக்கா திட்டும், திட்டட்டும்."

தோமி திட்டினாள். பென்சில் பெட்டியை மாவு மூட்டைக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டேதான் திட்டினாள். "நல்லா வரை. ஒண்ணையும் விடாத. நாட்டுக்கே காட்டி என் தம்பியைத் துண்டு துண்டா வித்துடு" என்றாள். அதற்குப் பிறகு சனாயே வீட்டிலேயே, அவன் படுக்கைக்குப் பக்கத்தில் மேசை போட்டு வரைந்தாள். எந்த அசைவு போகப்போகிறது என்பது முந்தின நாளே தெரிந்துவிடும். அந்த அசைவை மட்டும் அவன் உடம்பு அடிக்கடி செய்யும், ஊருக்குக் கிளம்புகிறவன் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடப்பதுபோல. உடனே அவள் மொயாசுகேவை அதற்கேற்றாற்போல நிற்கவைத்து வரைந்து, தாளைத் தயாராக வைத்திருப்பாள். வலது கையால் சாப்பிடும் குச்சிகளைத் தட்டி நேராக்கும் விதம் வந்தது. பொய் சொல்லும்போது ஒருபக்கமாகச் சாயும் கழுத்து வந்தது. மூன்று தவணையாக வரும் தும்மல் வந்தது. தூக்கத்தில் புரளும்போது போர்வையைக் காலால் தேடுவது வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள். அவள் அதை எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வருவாள், திரும்பி வரும்போது வீடு இன்னும் கொஞ்சம் அமைதியாகியிருக்கும்.

தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கிய பிறகு ஊருக்கு விஷயம் தெரிந்தது. தோமியின் கடையில் தொலைக்காட்சி அலமாரியின்மேல் இருந்தது. சனிக்கிழமை மாலை முடிவெட்டுகிறவரும் தோஃபு விற்கிறவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மொயாசுகே கணவாயில் வந்து நின்று, பிடரியைத் தடவியது. தோஃபு விற்கிறவர் குச்சியைக் கிண்ணத்தின்மேல் வைத்தார். "இப்போ இது பொய் சொல்லப்போகுது பாரேன்" என்றார். மொயாசுகே கழுத்தைச் சாய்த்தது. இருவரும் தோமியைப் பார்த்தார்கள். "என்னை ஏன் பாக்கிறீங்க? தின்னுட்டுப் போங்க, ஊறிடும்" என்றாள் தோமி. அவர்கள் தின்றார்கள். அடுத்த சனிக்கிழமை கடையில் நிற்க இடமில்லை. தெத்சுஜியிடம் வருஷக்கணக்காக நூடுல்ஸ் வாங்கித் தின்றவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். அவன் துள்ளல் மட்டும் இல்லையே என்று யாரோ குறைப்பட, அது ரயில் கேட்டில் இருக்கிறது என்று இன்னொருவர் விளக்கினார். ஒகினாவாவிலிருந்து ஹொக்கைதோவரை குழந்தைகள் பிடரியைத் தடவிக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள். தெத்சுஜி படுத்தபடியே எல்லா வாரமும் பார்த்தான். பேச்சு குழறத் தொடங்கியிருந்தது. சனாயேவுக்கு மட்டும்தான் புரியும். "என்னைவிட நல்லாத் தும்முது" என்பான். அவள் தலையாட்டுவாள். தான் செய்ததிலேயே சிறந்த வேலை இதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. அதைத் தெரிந்துகொண்டதற்காகத் தன்னையே அவள் மன்னிக்கவில்லை.

மூன்றாவது வருஷம் மழைக்காலத் தொடக்கத்தில் நுகாதா ஒரு முலாம்பழத்தைப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு நலம் விசாரிக்க வந்தார். பழத்தைப் பற்றிப் பேசினார், மழையைப் பற்றிப் பேசினார். பிறகு தேநீர்க் கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தார். தொடரை இன்னும் அரை வருஷம் நீட்டச் சொல்லிக் கேட்கிறார்கள் என்றார். "அதனால… தப்பா எடுத்துக்காதீங்க… இன்னும் ஏதாவது… வர்றாப்பல இருக்கா?" சனாயே கோப்பையில் மேலும் தேநீரை ஊற்றினாள், அது நிரம்பி வழிந்தது. படுக்கையிலிருந்து தெத்சுஜி ஏதோ குழறினான். நுகாதா அவளைப் பார்த்தார்.

"சிரிப்பு மிச்சமிருக்காம்" என்றாள் சனாயே. "நீங்க ஏதாவது வேடிக்கையா சொன்னா எடுத்துக்கலாமாம்."

நுகாதா முழங்காலில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். நாடு முழுக்கக் குழந்தைகளைச் சிரிக்கவைத்தவருக்கு ஒரு வேடிக்கையும் வாயில் வரவில்லை. முகம் கோணிக்கொண்டு வந்தது. கைக்குட்டையைத் தேடி எல்லாப் பையிலும் கைவிட்டு, கடைசியில் முலாம்பழத்தைச் சுற்றியிருந்த துணியால் மூக்கைச் சிந்தினார். அதைப் பார்த்ததும் தெத்சுஜியின் தோள்கள் காதுவரை ஏறின, உடம்பு குலுங்கியது. சனாயே சுவர்ப் பக்கமாகத் திரும்பி, ஏற்கெனவே பாதி வரைந்து வைத்திருந்த தாளை எடுத்தாள். ஒரு வாரமாக அவன் காரணமில்லாமல் அடிக்கடி சிரித்துக்கொண்டிருந்தான். அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. மறுநாள் சிரிப்பு தாளுக்கு வந்தது. அது ஒளிபரப்பான வாரம், அந்தச் சிரிப்பைப் பார்த்துச் சிரித்து விக்கல் எடுத்த குழந்தைகளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனதாகச் செய்தி வந்தது. தனாஷியில் யாரும் சிரிக்கவில்லை. தோமி தொலைக்காட்சியின் முன்னால் திரையைப் போட்டுவிட்டு, "இன்னிக்குக் கடை இல்ல, கிளம்புங்க" என்றாள்.

அதற்குப் பிறகு தெத்சுஜியிடம் கண்கள் மட்டும்தான். கண்ணின் அசைவு எந்தத் தாளுக்கும் வராது. மொயாசுகேவின் கண் வெறும் புள்ளிதானே, அதில் என்ன போய்த் தங்கும். கண்ணாடிபோன்ற பலகையில் எழுத்துகளை எழுதி அவன் முகத்துக்கு மேலே சனாயே பிடிப்பாள். அவன் எந்த எழுத்தைப் பார்க்கிறான் என்று மறுபக்கத்திலிருந்து பார்த்துச் சேர்த்துச் சேர்த்துப் படிப்பாள். ஒரு வாக்கியத்துக்குள் பானையில் சோறு வெந்துவிடும். மூச்சுக்கு இயந்திரம் வைக்கலாமா என்று டாக்டர் கேட்டதற்கு, வேண்டாம் என்று பலகையில் சொன்னான். பிறகு சனாயேயைப் பார்த்தான், எழுத்துகளைப் பார்த்தான். மூச்சு காகிதத்திலும் வேண்டாம் என்று சேர்ந்தது. ஏன் என்று அவள் கேட்டாள். அவன் கண் வெகுநேரம் பலகையில் அலைந்தது. ஊறிப்போன நூடுல்ஸைக் கொண்டுபோய்க் கொடுக்கிறவன் அல்ல நான், என்று சேர்ந்தது. கீழே கொட்டிவிடு. அவள் சரி என்றாள். அப்போது மனதாரத்தான் சொன்னாள்.

அந்த இலையுதிர் காலத்தில் தொடர் முடிந்தது. விளம்பரம் கொடுத்துவந்த மிட்டாய்க் கம்பெனி வேறு தொடருக்குப் போனது, நுகாதாவால் ஸ்டூடியோவை நடத்த முடியவில்லை, கிடங்கின் சொந்தக்காரர் இடத்தைக் காலிசெய்யச் சொன்னார். எடுத்து முடித்த படத்தின் தாள்களைக் குப்பையில் போடுவது அந்தத் தொழிலில் வழக்கம்தான். வைத்துக்கொள்ள யாருக்கும் இடம் கிடையாது. நுகாதா ஊரில் இல்லாத ஒரு நாள், அலமாரிகளை ஒழிக்க வந்தவர்கள் அட்டைப் பெட்டிகளை லாரியில் ஏற்றிவிட்டார்கள். பெட்டிகள் உள்ளே அசைகின்றன, எலி இருக்கும்போல என்று பேசிக்கொண்டு, மூடிகளைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள். வண்ணம் பூசும் பெண்மணி ஓடிவந்து சொல்லி, சனாயே சைக்கிளை எடுத்துக்கொண்டு குப்பை எரியூட்டு நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது புகைபோக்கியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. புகை நேராகப் போகவில்லை. கொஞ்சம் ஏறும், தயங்கும், குலுங்கும், ஒருபக்கமாகச் சாயும். வாசலில் நின்ற காவலாளி, காற்றில்லாத நாளில் இப்படி ஒரு புகையைப் பார்த்ததேயில்லை என்று அவளிடம் சொன்னான். அவள் அது தீரும்வரை நின்று பார்த்தாள். ஒளிபரப்பான படச்சுருள்கள் எங்கோ பத்திரமாக இருந்தன. ஆனால் அவற்றில் இருந்தது அசைவின் படம், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து சொன்னாள். மறைக்க நினைத்தாள், அவன் கண்ணுக்கு முன்னால் முடியவில்லை. அவன் கண்ணாலேயே பலகையைக் கேட்டான்.

எல்லாமா?

"எல்லாம். ரயில் கேட் மட்டும் இருக்கு."

அவன் கண்கள் சுருங்கின. சிரிக்க முடிந்திருந்தால் அந்த இடத்தில் சிரித்திருப்பான். பிறகு அவன் கூரையைப் பார்த்தான், வெகுநாட்கள் கூரையையே பார்த்தான்.

பிப்ரவரியில், வெளியே ஈரப் பனி விழுந்துகொண்டிருந்த ஒரு பகலில், அவன் மூச்சு அடிக்கடி வர ஆரம்பித்தது. அது வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்கிறது என்று சனாயேவுக்குத் தெரிந்தது. தோமிக்குச் சொல்லி அனுப்பினாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கொடுத்த வாக்கு நினைவில் இருந்தது. அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான், அவளும் பார்த்தாள், எதையும் வரையக்கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு அவன் கண் மூடியது. ஒரு மூச்சு போய், அடுத்தது வரத் தாமதித்தது. அந்தத் தாமதத்தில் அவளுக்கு எரியூட்டு நிலையத்துப் புகை நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கையை உருவிக்கொண்டு எழுந்தாள். மருந்துக் கடைப் பொட்டலத் தாளைப் பிரித்து, கண்மை பென்சிலை எடுத்து, வரைந்தாள். காலில்லை, காதில்லை, கழுத்தை உள்ளே இழுத்துச் சுருண்டு தூங்கும் ஒரு வட்டம், மூடிய கண்ணுக்கு ஒரு கோடு. கோட்டை இழுத்து முடிக்கவும் அந்த வட்டம் எழும்பியது. நின்றது. தாழ்ந்தது. படுக்கையில் இருந்தது அதற்குப் பிறகு எழும்பவில்லை.

தோமி பனியை உதறிவிட்டு உள்ளே வந்தாள். தம்பியைப் பார்த்தாள். பிறகு மூச்சுச் சத்தம் வரும் பக்கம் திரும்பி, மேசையைப் பார்த்தாள். அவள் கத்துவாள் என்று சனாயே எதிர்பார்த்தாள், கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். தோமி மேசைமேல் தலையைச் சாய்த்துக் காதைத் தாளுக்குப் பக்கத்தில் வைத்து, இருட்டும்வரை அப்படியே இருந்தாள். சின்ன வயதில் தம்பியோடு ஒரே போர்வையில் படுத்தவள் என்பதால் அந்த மூச்சு அவளுக்குத் தெரியும்.

"வேண்டாம்னு சொன்னானே" என்றாள் கடைசியில்.

"சொன்னாரு."

"செஞ்சுட்டே."

"செஞ்சுட்டேன் அக்கா."

"நரகத்துக்குத்தான் போவே நீ." தோமி எழுந்து முழங்காலைத் தடவினாள். "ஜன்னலைச் சாத்து முதல்ல. சளி பிடிச்சிடப் போகுது அவனுக்கு."

நாற்பத்தொன்பதாம் நாள் சடங்குக்குப் பிறகு சனாயே அந்தத் தாளைக் கோயிலுக்கு எடுத்துப் போய், எரித்துத் தரும்படி கேட்டாள். பிக்கு அதைப் புத்தருக்கு முன்னால் வைத்துப் பார்த்துவிட்டு, மூச்சு விடுவதைத் தன்னால் எரிக்க முடியாது, போதிய மந்திரமும் தனக்குத் தெரியாது என்று பணிவாகத் திருப்பிக் கொடுத்தார். அவள் அதைச் சட்டம் போட்டுப் படுக்கைக்கு மேலே மாட்டினாள். கண்ணாடியில் ஆவி படிந்ததால் அதை எடுத்துவிட்டாள். அந்த மூச்சில் ஒரு நிறுத்தம் இருந்தது. எழும்பி, தாழ்வதற்கு முன்னால், விடலாமா வேண்டாமா என்று நிற்பதுபோல. அவன் கடைசியாக விட்ட மூச்சு அது என்பதால் அப்படித்தான் வந்திருந்தது. ஒவ்வொரு முறை அது நிற்கும்போதும் அவன் சனாயேவுக்கு மறுபடி செத்தான். தாழும்போது பிழைத்தானா என்றால், இல்லை. அது அவளை அறியாது. கூப்பிட்டால் திரும்பாது. சமையல் வாசனைக்கோ அழுகைக்கோ வேகம் கூடியதுமில்லை குறைந்ததுமில்லை. ஊறிப்போன நூடுல்ஸ் என்று அவன் சொன்னது என்ன என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது, கொட்டவும் முடியாமல் கையில் வைத்துக்கொண்டு. அவள் பிறகு வரையவில்லை. நிலையக் கடையில் செய்தித்தாள் விற்றாள். சக்கரவர்த்தி இறந்தார், தோமி இறந்தாள், நுகாதா எங்கேயோ தெற்கே போய்ப் பழத்தோட்டம் வைத்ததாகச் சொன்னார்கள். ரயில் பாதை மேம்பாலத்தில் ஏறியதும் அந்தக் கேட்டை எடுத்துவிட்டார்கள், கம்பி என்ன ஆனதென்று தெரியவில்லை. பக்கத்து ஊரோடு சேர்த்ததில் தனாஷி என்ற பெயரே போயிற்று.

எழுபத்தைந்து தாண்டியதும் சனாயேயை முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். சட்டத்தையும் கொண்டு போனாள். முதல் வாரம் பணிப்பெண்கள் பயந்தார்கள், அப்புறம் பழகிவிட்டது. முறை மாறும்போது ஒருத்தி இன்னொருத்தியிடம், "கோடி அறையில ரெண்டு பேரும் நல்லாத் தூங்குறாங்க" என்று சொல்லிவிட்டுப் போவாள். சனாயே இறந்தது ஒரு விடியற்காலையில். அறைக்கு வெளியிலிருந்து கேட்டவர்களுக்கு மூச்சுச் சத்தம் ஒழுங்காக வந்துகொண்டிருந்ததால், காலைச் சாப்பாட்டுத் தட்டோடு உள்ளே போகும்வரை யாருக்கும் தெரியவில்லை.

சட்டத்தை வாங்கிக்கொள்ள உறவினர் யாரும் வரவில்லை, அதனால் அது சுவரிலேயே இருந்தது. அடுத்து அந்த அறைக்கு வந்தவள் முன்பு பஸ் கண்டக்டராக இருந்த ஒரு கிழவி. முதல் நாளே மணியடித்துக் கூப்பிட்டு, "ஏம்மா, மேல இருக்கிற ஆளுக்கு மூச்சு நடுவுல நின்னு நின்னு வருது, யாராவது பாருங்க" என்றாள். அது எப்போதும் அப்படித்தான் என்று சொன்னார்கள். "அப்படியா, சரி" என்றாள் அவள். இப்போது அது நிற்கும்போது அவளும் தன் மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள், அது விட்டதும் விடுகிறாள், அப்படியே தூங்கிப்போகிறாள்.